சமையல்கட்டுக்குத் தேரா போகப் போகிறது?

வைக்கப்போகும் இடத்தை மூன்று தடவை அளந்தோம். வரப்போகும் வழியை ஒரு தடவைகூட அளக்கவில்லை. 2024 மே மாதம் எங்கள் வீட்டுக்குப் பெரிய ஃப்ரிட்ஜ் வந்த கதையை என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் இந்த இரண்டு வரியில்தான் சொல்கிறார். கேட்பவர்கள் சிரிப்பார்கள், தங்கள் வீட்டு பீரோ கதையையோ கட்டில் கதையையோ சொல்வார்கள், பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது அப்படி முடியவில்லை. அன்று மதியம் கூடத்தில் உட்கார்ந்து அத்தை, அதாவது என் மாமியார், சொன்ன நாலு வாக்கியம் எட்டு மாதம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயில் தேர் ஓடுகிற வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. மாமனாரின் அப்பா 1956இல் கட்டியது. திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றிக் கூடம், அதற்கப்பால் சமையல்கட்டு, பின்னால் கிணற்றடி. நான் இங்கே வந்தது 1998இல். அப்பா கொடுத்த சீரோடு 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றும் வந்தது. அன்றைக்கு அது பெரிய பொருள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐஸ் கட்டி கேட்டு வருவார்கள். இருபத்தாறு வருடம் உழைத்தது. இரண்டு முறை கேஸ் நிரப்பினோம், ஒருமுறை கம்ப்ரஸர் மாற்றினோம். இந்த ஊர் உப்புக்காற்றில் அடித்தகடு அரித்துப்போய், கீழே பலகை கொடுத்து நிறுத்தி வைத்திருந்தோம். இன்னும்கூட ஓட்டியிருப்போம். அத்தையின் இன்சுலின் உறைந்துபோன அன்றுதான் போதும் என்று முடிவு செய்தோம்.

இன்சுலின் பழக்கம் உள்ள வீடுகளுக்குத் தெரியும். பிரிக்காத குப்பியை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகியபிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொள்ளக்கூடாது, எறிந்துவிட வேண்டியதுதான். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டியின் குளிர்தான் கீழே இறங்குகிறது. தெர்மோஸ்டாட் கெட்டால் மேல்தட்டில் வைத்தது உறைந்துபோகும், கீழ்த்தட்டில் வைத்த பால் திரிந்துபோகும். மார்ச் மாதம் ஒருநாள் காலையில் குப்பியை எடுத்தால் உள்ளே வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தது. அத்தை அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்துப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆக, புது ஃப்ரிட்ஜ் அத்தைக்காக என்று பேச்சு ஆரம்பித்தது. அப்புறம் ஒவ்வொருவர் தேவையும் அதில் வந்து சேர்ந்தது. கொழுந்தனார் குடும்பம் சென்னையை விட்டுத் திரும்பி வந்துவிட்டதில் வீட்டில் எட்டுப் பேர். என் ஓரகத்திக்கு மூன்று நாளைக்கான மாவை ஒரே தூக்கில் அரைத்து வைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு முதுநகர் துறைமுகத்தில் வாங்கும் மீனைப் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மீன் விலை ஏறுவதை அவர் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார். எனக்குப் பண்ருட்டிப் பலாச்சுளை. ஒரு பழம் அறுத்தால் அன்றே தீர்த்தாக வேண்டிய அவசரம் இருக்கக்கூடாது என்று நெடுநாள் ஆசை. இப்படி வளர்ந்து வளர்ந்து 630 லிட்டரில் வந்து நின்றது. இரண்டு கதவு பக்கம்பக்கமாகத் திறக்கிற வகை.

கடையில் எல்லோரும் லிட்டர் கணக்கில்தான் பேசினார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள், மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டார்கள். வாசல் எவ்வளவு அகலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அகலம் 91 செ.மீ., உயரம் 179 செ.மீ., ஆழம் 71 செ.மீ. என்று விளம்பரத் தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சமையல்கட்டு மூலையில் அகலமும் உயரமும் கொள்ளுமா என்று பார்த்தோம். பின்பக்கம் சூடு வெளியேற ஐந்து செ.மீ. விட வேண்டும் என்பதைக்கூட நினைவாகக் கழித்தோம். வாசலில் நுழையும்போது கணக்கில் வருவது ஆழம்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தெருமுனையிலிருந்து வைக்கும் இடம்வரை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மிகக் குறுகலான இடம் எதுவோ அதுதான் நீங்கள் வாங்கக்கூடிய ஃப்ரிட்ஜின் அளவு.

இரண்டடி ஒரு அங்குலம்

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குட்டி யானை வண்டி தெருமுனையில் வந்து நின்றது. எங்கள் சந்துக்குள் அது திரும்பாது. நிறுத்தியிருந்த வண்டிகளையெல்லாம் நகர்த்தி, வந்த இரண்டு பையன்களும் பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேருமாகப் பட்டைக் கயிறு போட்டுத் தூக்கி வந்தார்கள். கிட்டத்தட்ட நூறு கிலோ. அக்னி நட்சத்திர வெயில். திண்ணையில் ஏற்றி இறக்கி வைத்தபோது அந்தப் பையன்களுக்குச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வாசல்வரைதான் எங்கள் வேலை என்று வண்டியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மோர் குடித்துவிட்டு, "உள்ள வச்சிட்டே போறோம்க்கா" என்றான் ஒருவன்.

வாசல் நிலை மூன்றரை அடி. தாராளமாக உள்ளே வந்தது. ரேழியிலிருந்து கூடத்துக்குள் நுழையும் நிலை மூன்றடி. அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பிரித்தோம், ஒரு பக்கமாகத் திருப்பினோம், அதிலும் வந்தது. கூடத்தைத் தாண்டிச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றது. பழைய காலத்துக் கதவு, கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமியில் சுழல்வது. வீட்டுக்காரர் அதை அப்படியே தூக்கிக் கழற்றி வைத்தார். பிறகு டேப்பை வைத்துப் பார்த்தார். இரண்டு நிலைக்காலுக்கும் நடுவில் இரண்டடி ஒரு அங்குலம். அறுபத்து மூன்றரை செ.மீ. ஃப்ரிட்ஜ் 71.

வெளியே மூன்றரை, நடுவில் மூன்று, சமையல்கட்டுக்கு இரண்டேகால்கூட இல்லை. உள்ளே போகப் போக வாசல் குறுகிக்கொண்டே போகிறது என்பதை அன்றைக்கு எண்களாகப் பார்த்தபோதுதான் முதல்முறையாக உணர்ந்தேன்.

இந்த நிலைக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரத்தில் செய்தது. வீடு கட்டும்போது ஆசாரி மரத்தை அளந்துவிட்டு, சமையல்கட்டுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வைக்கட்டுமா என்று கேட்டாராம். தாத்தா, "சமையக்கட்டுக்கு என்ன தேரா போவப் போவுது?" என்றாராம். வைகாசித் தேர் வீதியில் ஓடுகிற ஊர் என்பதால் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் சுவை. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். அன்றும் கொழுந்தனார் அதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தாத்தாவைக் குறை சொல்ல முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தியாவிலேயே செய்த முதல் ஃப்ரிட்ஜை கோத்ரெஜ் கொண்டுவந்தது 1958இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே இந்த நிலையை நட்டாகிவிட்டது. அவருக்குத் தெரிந்த பெரிய சாமான் பத்தாயம். இப்போது ஃப்ரிட்ஜுக்கு ஒதுக்கிய அதே மூலையில்தான் குறிஞ்சிப்பாடி நிலத்து நெல்லைக் கொட்டி வைக்கிற மரப் பத்தாயம் நின்றிருந்தது. என் உயரத்துக்கும் மேலே இருக்கும். அது எப்படி இந்த வாசலில் நுழைந்தது என்று கேட்டால் பதில் சுலபம். பத்தாயம் முழுசாக வராது. அடுக்கு அடுக்காகச் செய்து, ஒவ்வோர் அடுக்கையும் பலகையாகப் பிரித்து உள்ளே கொண்டுபோய், அங்கே வைத்துப் பூட்டுவார்கள். கிராமத்து மண் குதிரும் அப்படித்தான், உறை உறையாகச் செய்து வீட்டுக்குள்ளேயே அடுக்கி மெழுகுவது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சமையல்கட்டு ஓடு பறந்து, இரண்டு நாள் மழைத்தண்ணீரில் பத்தாயம் ஊறிப்போயிற்று. தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஃப்ரிட்ஜையும் திறந்தே போட்டு வைத்திருந்தோம். அடுத்த கோடையில் பத்தாயத்தை மரக்காரர் பலகை பலகையாகக் கழற்றி, வந்த வழியே எடுத்துக்கொண்டு போனார்.

அத்தை சொன்னது

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஃப்ரிட்ஜ் கூடத்தில் முற்றத்து ஓரமாக நிற்கிறது. திருப்பி அனுப்பலாமா என்று கடைக்குப் போன் செய்தால், பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஓரகத்தி. கூடத்தில் சரியான பிளக் இல்லை, முற்றத்துச் சாரல் வேறு அடிக்கும். இரண்டு வீடு தள்ளி மாடி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கொழுந்தனார் கூட்டிவந்தார். அவர் சுவரை நான்கு இடத்தில் தட்டிப் பார்த்தார். ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரைக் கட்டு. "ஒரு பக்க நிலக்கால எடுத்துட்டா போதும் சார். நாலு மணி நேர வேல. சாயந்தரம் பூசிக் குடுத்துடுவேன்" என்றார். நாலாயிரம் ரூபாய். சரி என்றார் வீட்டுக்காரர். அவ்வளவுதான், இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. உளியும் சுத்தியலும் எடுத்துவர ஆள் போயாயிற்று.

அப்போதுதான் யாரோ, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார்கள். நிலையில் கை வைப்பது சாதாரண விஷயமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் வைத்துவந்த நிலை. மாமனார் வேறு இல்லை. அத்தை மாட்டேன் என்பார், அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அத்தை ஊஞ்சலுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தாராளமா எடுங்கப்பா" என்றார் அத்தை. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அவர் கீரையைத் தட்டில் போட்டுவிட்டு வலது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அங்கே கருத்துத் தடித்த ஒரு காய்ப்பு உண்டு. அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. "அம்பது வருஷமா இந்த நிலையில இடிச்சிக்கிட்டுதான் போயிட்டு வரேன். வெந்நி அண்டாவத் தூக்கிக்கிட்டு, வயித்துல உன்னையும் வச்சிக்கிட்டு, ஒருக்களிச்சு ஒருக்களிச்சுதான் போவேன். அப்பல்லாம் இது சின்ன வாசப்படின்னு யாருக்கும் தெரியல. இன்னிக்கு ஒரு பொட்டி வந்திருக்கு, ஒரு மணி நேரத்துல உளி வந்துடுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டார். கூடத்தில் யாரும் பேசவில்லை. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு டேப்பைச் சுருட்டினார்.

அத்தை 1972இல் இந்த வீட்டுக்கு வந்தவர். வந்தபோது வயது இருபது. மாமனாரோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அப்போது சமையல்கட்டில் குழாய் கிடையாது. தண்ணீர் கிணற்றடியில் இறைத்து முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். விறகு வர வேண்டும், சோற்றுத் தவலை போக வேண்டும், மாவாட்டிய குண்டான் போக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வாசலைக் கடந்திருப்பார் என்று அன்று இரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஐம்பது தடவை என்று வைத்தால்கூட வருடத்துக்குப் பதினெட்டாயிரத்துக்கு மேல். மேலே பெருக்கிப் பார்க்க மனம் வரவில்லை.

"நிலைய உடைக்க வேணாம்" என்று நான்தான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது தெளிவாகத் தெரியவில்லை. அவர் கண்முன்னால் அந்தப் பெட்டிக்காக அதை உடைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

வழி கிடைத்தது. "அக்கா, ஃப்ரிட்ஜோட கதவக் கழட்டலாம்க்கா. மெக்கானிக் வந்தா செய்வாரு" என்றான் மோர் குடித்த பையன். நான்கு மணிக்கு மெக்கானிக் வந்தார். வந்ததும் யாரும் பின்பக்கத்தில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன் வாயுதான் பெரும்பாலும், ஆர்600ஏ என்று ஒட்டியிருக்கும். எரியக்கூடிய வாயு. அளவு கொஞ்சம்தான் என்றாலும் குழாயில் அடிபட்டால் ஆபத்து. படுக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னதற்கும் மறுத்துவிட்டார். கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களில் ஏறிவிடுமாம். மேல்மூடியை எடுத்து, கதவுக்குள் ஓடும் ஒயர்களின் இணைப்பைப் பிரித்து, கீல் திருகுகளைக் கழற்றி, இரண்டு கதவுகளையும் ஒவ்வொன்றாக நேரே மேலே தூக்கி எடுத்தார். வெற்று உடம்பின் ஆழம் 61 செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலம் இடைவெளி. பழைய ஜமுக்காளத்தை விரித்து அதன்மேல் இழுத்து, படியைத் தாண்டும் இடத்தில் மட்டும் நான்கு பேர் தூக்கி, விரல் நசுங்காமல் உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பக் கதவுகளைப் பூட்டி, முன்கால் திருகுகளைத் திருப்பி இரண்டு கதவையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். மட்டம் தப்பினால் ரப்பர் சரியாக ஒட்டாது, குளிர் கசியும். சாய்த்துத் தூக்கியதால் நான்கு மணி நேரம் சும்மா நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு ஒன்பதரைக்குச் சுவிட்ச் போட்டோம்.

பத்தாயம் வந்ததுபோலத்தான் ஃப்ரிட்ஜும் பிரிந்து உள்ளே போனது. எனக்கு அன்று இரவு அதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. இரண்டு பையன்களுக்கும் கையில் பணம் கொடுத்து, சாப்பிடவைத்துத்தான் அனுப்பினோம்.

போனபிறகு

மறுநாளிலிருந்து வீட்டில் நிலைப் பேச்சே இல்லை. இதுதான் என்னை உறுத்தியது. அத்தை சொன்னதைக் கேட்டவர்கள் ஆறு பேர். எல்லோரும் கேட்டு வாயடைத்து நின்றவர்கள்தான். ஆனால் ஃப்ரிட்ஜ் உள்ளே போனதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது. எது பிரச்சினை என்பதிலேயே நாங்கள் தப்பு செய்துவிட்டோம் என்று எனக்குப் பட்டது. உடைக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தான் என்பதால் கூடுதலாக உறுத்தியது. அவருக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அந்த வாசல் என்றைக்காவது அகலமாவதற்கு வந்த ஒரே சந்தர்ப்பத்தையும் நானே தடுத்துவிட்டேனா?

அப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். வலது நிலைக்காலில் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கையகலத்துக்கு மரம் வழவழவென்றிருக்கிறது. அங்கே மஞ்சள் பூசினால் பிடிப்பதில்லை. ஓரகத்தி இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது ஒரு கணம் நின்று, இடது தோளை முன்னால் கொடுத்து நுழைகிறாள். என் மகளும் அப்படியே. ஆண்கள் தட்டோடு வருவார்கள், டம்ளரோடு வருவார்கள், நேராகவே நுழைந்துவிடுவார்கள். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய பாத்திரத்தோடு வருகிறவர்களுக்குத்தான் அந்த வாசல் சின்னது.

ஜூலையில் புதுச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். முத்தியால்பேட்டையில் புது அபார்ட்மெண்ட். சமையலறைக்குக் கதவே கிடையாது, நான்கடி திறப்பு. சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "ஏன்க்கா ஒருக்களிச்சு வர?" என்று கேட்டாள் தங்கை. எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு அகலமான திறப்பில் நான் தோளைக் கொடுத்து, முழங்கையை ஒடுக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளுடன் பேச முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அந்த நிலை என் உடம்புக்குள் வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன், சமையல்கட்டு வாசலை அகலப்படுத்த வேண்டும் என்று. "அதான் ஃப்ரிட்ஜு உள்ள போயிடுச்சே" என்றார். "ஃப்ரிட்ஜுக்கு இல்ல" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அம்மா அன்று சொன்னது அவரையும் தைத்திருக்கிறது, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் தைத்தது வேறு, கையில் டேப்பை எடுப்பது வேறு. தீபாவளி போகட்டும் என்றார். அத்தையிடம் கேட்டால், "எனக்கு இனிமே எதுக்கும்மா? காலம் போயிடுச்சு. உனக்கு வேணும்னா பண்ணிக்க" என்றார். எனக்கு வேண்டும் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. தனக்காக ஒரு சுவரை இடிக்கச் சொல்வது அவ்வளவு பெரிய கேட்பாகத் தோன்றியது. ஒரு பெட்டிக்காகக் கேட்பது எவ்வளவு சுலபமாக இருந்தது!

ஐப்பசியில் அத்தைக்கு முழங்கால் வலி அதிகமாகி டாக்டர் வாக்கர் எழுதிக்கொடுத்தார். வாக்கர் அந்த வாசலில் நுழையத்தான் செய்தது, இரண்டு பக்கமும் விரல் முட்டிகள் மரத்தில் உரச உரச. இரண்டாம் நாள் விரலில் ரத்தம் பார்த்தார் வீட்டுக்காரர். அன்று மாலையே மேஸ்திரிக்குப் போன் செய்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மறுபடியும் ஒரு சாமான் வந்து முட்டிய பிறகுதான் வாசல் சின்னது என்று ஒத்துக்கொண்டோம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தது. தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். கொத்தனார் வேலை எல்லா இடத்திலும் நின்றுபோயிற்று. பிறகு மார்கழி. தை பிறந்து முதல் வாரம் மேஸ்திரி வந்தார். மே மாதம் நாலு மணி நேரம் என்றவர் இப்போது இரண்டு நாள் என்றார். நிலைக்கு மேலே சுவரைத் தாங்குவது பழைய மரச்சட்டம். அதை எடுப்பதற்கு முன்பு முட்டுக் கொடுக்க வேண்டும், அகலத்துக்குத் தக்கபடி இரண்டு பக்கமும் சுவருக்குள் உட்கார்கிற மாதிரிப் புது லிண்டல் போட வேண்டும், அது இறுகும்வரை முட்டை எடுக்கக்கூடாது. அன்றைக்கு அவசரத்தில் ஒரு நிலைக்காலைப் பிடுங்கியிருந்தால் சுவர் என்ன ஆகியிருக்குமோ. புது நிலையோடு சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார். பலாச்சுளைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிய வீட்டில் இதற்கு யாரும் முணுமுணுக்கவில்லை.

"அகலம் எவ்ளோ சார் வைக்கணும்?" என்று மேஸ்திரி வீட்டுக்காரரைக் கேட்டார். பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி போக 90 செ.மீ. விடச் சொல்கிறார்கள் என்று அவர் எங்கோ படித்து வைத்திருந்தார். மூன்றடி என்றார். நான், அத்தையைக் கேட்போம் என்றேன்.

அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நிலைக்கு முன்னால் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். வாக்கரை என் பக்கம் தள்ளிவிட்டு, அண்டாவின் இரண்டு காதையும் பிடித்திருப்பதுபோல் கைகளை முன்னால் வைத்து, முழங்கைகளை விரித்தார். நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மேஸ்திரி ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கைக்கு டேப்பைப் பிடித்தார். இரண்டடி பத்து அங்குலம்.

"அப்ப மூணு அடி சரியா இருக்கும்மா" என்றார்.

"பத்தாதுப்பா, ரெண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் விடு" என்றார் அத்தை. "இவளுக்கு என்னைவிடக் கை நீளம்."

மேஸ்திரி காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சுவரில் மூன்றடி நான்கங்குலம் என்று எழுதிக்கொண்டார்.